சூரைக் கணக்கைப் பாதியாக எழுதினால் யாருக்கு லாபம்?

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து 29 வயது இளைஞர் ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படகின் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக இழுவைப் படகு வைத்திருந்தவர்கள். எல்லை தாண்டிய வழக்கில் ஒருமுறை படகைப் பறிகொடுத்து, மீட்டு, அலுத்துப்போய், இழுவைப் படகுக்குப் பதில் ஆழ்கடல் படகு வாங்க அரசு உதவும் ஆழ்கடல் திட்டத்தில் பழைய படகை ஒப்படைத்துவிட்டு 80 லட்ச ரூபாய்ச் சூரை (டூனா) படகுக்கு மாறியிருக்கிறார்கள். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், பேங்க் கடன் 20, கைக்காசு 10. பி.காம். படித்த இவர் கரையில் இருந்துகொண்டு டீசல், ஐஸ், பேங்க், பங்குக் கணக்கு எல்லாம் பார்க்கிறார். போன சீசனில் கொச்சியில் தங்கித் தொழில் செய்திருக்கிறார்கள். அங்கே மீன் எடுக்கும் ஏற்றுமதி ஏஜென்ட், எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை கிலோ பிடித்தீர்கள் என்று லாக் புக் எழுதித் தரச் சொல்கிறார். சித்தப்பாவோ, "பாதி எழுது, போதும். முழுசா எழுதினா வெளிநாட்டுக்காரன் அதைப் பாத்துட்டு நம்ம மேலயே கோட்டா போடுவான்" என்கிறார். படகு இரண்டு தடவை இந்தியாவின் 200 கடல் மைல் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த மீன் இன்னும் குளிர்கிடங்கில் இருக்கிறது. "உள்ளேயே பிடிச்சதா போட்டுக் கையெழுத்து வாங்கிக் குடுங்க" என்கிறார் ஏஜென்ட். மாலத்தீவுக்குத் தெற்கே ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது, மீன் கொட்டிக் கிடக்கிறது என்று படகில் வேலை செய்யும் குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர் ஒருவர் ஆசை காட்டுகிறார். போதாக்குறைக்கு, நடுக்கடலில் மிதந்து வந்த மூங்கில் தெப்பம் ஒன்றைச் சுற்றிக் கைத்தூண்டில் போட்டு மீன் பிடித்துவிட்டு, அதில் கட்டியிருந்த மின்னணு மிதவையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "ஐரோப்பாக்காரன் கப்பல் ஒரே வளைப்பில் நூறு டன் அள்ளுகிறான். எங்களுக்கு ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன். சூரை அழியப்போகிறது, குறைத்துப் பிடி என்று எங்களிடம் வந்து சொல்வது என்ன நியாயம், மேடம்?"

தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் சித்தப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதிலும் கிடைத்துவிடும்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி வாட்ஸ்அப்பில் வந்தது. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் சுருக்குமடி வலை விவகாரத்தில் நம் கரையில் எத்தனை ஊர்க்கூட்டம், எத்தனை மறியல் நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் என்று இடைக்கால அனுமதி தந்தது. ஒரே கடல், ஒரே மீன். ஒருவர் வலை மற்றவர் வலையை வெறுங்கையோடு அனுப்புகிறது என்பதுதான் அங்கே சண்டை. இந்தியப் பெருங்கடலில் சூரைக்காக நடப்பதும் இதே சண்டைதான். வலையும் பெரிது, கப்பலும் பெரிது, பஞ்சாயத்தும் பெரிது.

அந்தப் பஞ்சாயத்தின் பெயர் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். 1993-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் ஒப்பந்தம் போட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. தலைமையிடம் செஷல்ஸ் நாட்டின் விக்டோரியா. இந்தியா அதில் உறுப்பினர். இப்படி ஓர் ஆணையம் எதற்கு என்றால், சூரைக்கு எல்லைக்கல் தெரியாது. இன்று லட்சத்தீவுப் பக்கம் மேயும் மீன் நாளை மாலத்தீவு, அதற்கப்புறம் ஓமன் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை, இந்த மாதிரி நெடுந்தூரம் ஓடும் மீன்களைப் பற்றிச் சம்பந்தப்பட்ட நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று 64-ஆவது பிரிவில் தனியாகவே சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை 1995-இல் ஏற்றது.

சேர்ந்து பேசவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒத்துப்போகவேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு தீர்மானம் வந்தால், பிடிக்காத நாடு 120 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். நம் ஊர் நாட்டார் பஞ்சாயத்தில் ஒருத்தர் எழுந்து "இந்தக் கட்டுப்பாடு எனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட முடியுமா? அங்கே முடியும், சட்டப்படியே முடியும்.

மீன் அழிகிறதா, யார் அழித்தது?

மஞ்சள் துடுப்புச் சூரையை எல்லோரும் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று 2015-இல் ஆணையத்தின் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2016-இல் முதல் மீட்புத் திட்டம் வந்தது. சுருக்குவலைக் கப்பல்கள் (சுருக்குமடிதான், பெரிய அளவில்) 2014-இல் பிடித்ததிலிருந்து 15 சதவீதம், நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டிய ஆயிரங்கால் தூண்டிலும், மீனின் செவுள் சிக்கிக்கொள்ளும் செவுள் வலையும் 10 சதவீதம் குறைக்கவேண்டும். ஆனால் இது எல்லா நாட்டுக்கும் இல்லை. சுருக்குவலையிலும் ஆயிரங்கால் தூண்டிலிலும் 5,000 டன்னுக்கு மேல், செவுள் வலையில் 2,000 டன்னுக்கு மேல் பிடித்த நாடுகளுக்கு மட்டும். கொஞ்சமாகப் பிடிக்கும் நாட்டை அது தொடவே இல்லை. கணக்கு எழுதினால் உடனே கோட்டா விழும் என்று சித்தப்பா பயப்படுவதற்கு இதுதான் முதல் பதில்.

அடுத்து, "அழியப்போகிறது" என்பது. 2024-இல் விஞ்ஞானக் குழு புதிய தரவுகளோடு மறுபடி கணக்குப் போட்டபோது, மஞ்சள் துடுப்புச் சூரை இப்போது அபாய நிலையில் இல்லை என்று முடிவு வந்தது. நல்ல செய்திதான். ஆனாலும் உடனே வெடி வெடிக்கவேண்டாம். கடலில் மீன் பெருகியது மட்டும் காரணம் இல்லை, கணக்கிடும் தரவும் மாறியிருக்கிறது. தரவு மாறினால் முடிவு மாறுகிற இடத்தில், உங்கள் படகின் தரவும் அதில் ஒரு துளி என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் அதிகம் பிடிக்கிறார்கள்? இந்தியப் பெருங்கடல் முழுக்க ஆண்டுக்குச் சுமார் நாலு லட்சம் டன் மஞ்சள் துடுப்புச் சூரை பிடிபடுகிறது. ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்களின் பங்கு பெரிது என்பது உண்மை. ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி, ஈரான், ஓமன், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று கரையோர நாடுகளின் சின்னப் படகுகள், செவுள் வலைகள், தூண்டில்கள் பிடிப்பதுதான். நம்மைப் போன்றவர்கள். இதை எழுதினால் சிலருக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும்.

ஐரோப்பியக் கப்பல்கள் மீதான உண்மையான குற்றச்சாட்டு எத்தனை டன் என்பதில் இல்லை, எந்த வயது மீன் என்பதில் இருக்கிறது. உங்கள் படகு கழற்றிக்கொண்டு வந்த மிதவை அந்தக் கதையைச் சேர்ந்ததுதான். மூங்கிலிலோ வேறு சட்டத்திலோ தெப்பம் கட்டி, கீழே கயிறு தொங்கவிட்டு, கடலோட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். நிழலும் ஒதுங்க இடமும் கிடைக்கிறது என்று சின்ன மீன் கூடும். மேலே இருக்கும் மிதவை, சூரிய ஒளியில் சார்ஜ் ஏறி, தான் எங்கே இருக்கிறது, அடியில் எத்தனை மீன் நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லும். கப்பல் நேராக வந்து வளைக்கும். வரிச்சூரை என்ற சின்ன வகைச் சூரைக்காகத்தான் வளைப்பது, ஆனால் கூடவே மூன்று கிலோ, நாலு கிலோ மஞ்சள் துடுப்புக் குஞ்சுகளும் அள்ளிக்கொண்டு வரும். அது ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துதான் பெரும்பாலும் முட்டையிடும். முட்டையிடாத மீனை டப்பாவில் அடைக்கிறார்கள் என்பதுதான் மாலத்தீவும் கென்யாவும் இந்தோனேசியாவும் எழுப்பும் சத்தம்.

2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடி, ஆண்டுக்கு 72 நாள் இந்தத் தெப்பங்களைப் பயன்படுத்தக்கூடாது என்று வாக்கெடுத்துத் தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் எழுதியது. வேறு பல உறுப்பினர்களும் எழுதினார்கள், அதில் கரையோர நாடுகளும் உண்டு. தீர்மானம் காகிதத்தோடு நின்றது. அதற்காக நாம் மட்டும் யோக்கியர்கள் என்று சொல்லிவிட முடியாது. 2021-இல் மஞ்சள் துடுப்புச் சூரையின் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானம் வந்தபோது ஆட்சேபம் எழுதி விலகிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வளர்ந்த நாடுகள் பல பத்தாண்டு பிடித்துத் தீர்த்த பிறகு, இப்போதுதான் ஆழ்கடலுக்குப் போகிற எங்கள் ஆட்களைக் கட்டிப்போடாதே என்பது நம் வாதம். நியாயமான வாதம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்துக்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத்தான் சித்தப்பா பாதியாக எழுதச் சொல்கிறார்.

லாக் புக்

2011-இலிருந்து அந்த ஆணையத்தில் ஒரே பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டு போகிறது: சூரையை நாடுகளுக்குள் எப்படிப் பங்கு பிரிப்பது? இதுவரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பழைய கணக்கு ஓர் அளவுகோல். கரையோர நாடா, வளரும் நாடா, மீனை நம்பிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்பவை மற்ற அளவுகோல்கள். இதிலும் ஒரு சிக்கல். செஷல்ஸ் கடலுக்குள் பணம் கட்டி வந்து ஸ்பெயின் கப்பல் பிடித்த மீன் யார் கணக்கில் சேரும், கொடிக்காரன் கணக்கிலா, கடல்காரன் கணக்கிலா? கடல்காரன் கணக்கில்தான் என்கின்றன கரையோர நாடுகள். சில கப்பல்களில் கொடி செஷல்ஸ், முதலாளி ஸ்பெயின் என்று இருப்பதால் விவகாரம் இன்னும் முடிச்சு விழுந்து கிடக்கிறது.

உங்கள் அம்மா வீட்டுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம் ஆறு மா நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். காவிரி வழக்கில் நாம் என்ன வைத்து வாதாடினோம்? எத்தனை ஏக்கர், எத்தனை போகம், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்ற பழைய கணக்கை வைத்து. நடுவர் மன்றம் 2007-இல் 192 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 என்று குறைத்தது. எதுவானாலும் அளப்பது, காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில். அந்த அளவு நிலையம் இல்லையென்றால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? கண்ணீர் மட்டும்தான். உங்கள் லாக் புக்தான் உங்கள் பிலிகுண்டுலு. பாதி எழுதினால், பங்கு பிரிக்கிற நாளில் இந்தியா பிடித்தது பாதிதான் என்று ஆகும். கோட்டா வராமல் தடுக்கிறோம் என்று நினைத்து, வருகிற கோட்டாவைச் சின்னதாக்கிக் கொள்கிறீர்கள்.

கணக்கை மறைத்து மாட்டிக்கொண்ட கதை ஒன்று சொல்கிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். தெற்கத்திய நீலத்துடுப்புச் சூரை என்று ஒன்று உண்டு. இனப்பெருக்கம் செய்வது நம் இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே. வளர்ந்து மேய்வது தெற்கே குளிர்ந்த கடலில். ஜப்பானியர்களுக்கு அது பச்சையாகச் சாப்பிடும் தங்கம். பிடித்துப் பிடித்து மீன் அருகிப்போய், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் மூன்றும் 1993-இல் தனி ஒப்பந்தம் போட்டன. அப்புறம் ஜப்பான், மீன் எவ்வளவு இருக்கிறது என்று ஆராயப் "பரிசோதனை மீன்பிடிப்பு" என்று சொல்லிக் கோட்டாவுக்கு மேல் பிடிக்க ஆரம்பித்தது. மற்ற இரண்டு நாடும் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 1999 ஆகஸ்டில் தடை உத்தரவு வாங்கின. மறு ஆண்டே நடுவர் மன்றம், இதை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லித் தடையை நீக்கிவிட்டது. வழக்காடிக் களைத்தவர்கள் மறுபடி பேச்சுக்கு வந்தார்கள்.

பிறகுதான் விஷயமே. 2006-இல், ஜப்பானிய மீன் சந்தைகளில் விற்ற கணக்கையும் ஜப்பான் அறிவித்த பிடிப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒட்டவே இல்லை. பல ஆண்டாக அறிவித்ததைவிட நிறையவே பிடித்திருக்கிறார்கள். விளைவு, ஜப்பானின் கோட்டா 6,065 டன்னிலிருந்து 3,000 டன்னுக்கு வந்தது, பாதிக்கும் கீழே, ஐந்து ஆண்டுக்கு. 2010-இலிருந்து அந்த ஒப்பந்தத்தில் பிடிபடும் ஒவ்வொரு முழு மீனுக்கும் எண் போட்ட டேக் மாட்டவேண்டும். 2011-இல் பாலியில் கூடி, மீன் கையிருப்பு இவ்வளவு என்றால் கோட்டா இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு வாய்பாடு எழுதி வைத்துக்கொண்டார்கள், ஆண்டுதோறும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று. இயற்கை அளவில் இருபதில் ஒரு பங்காக விழுந்திருந்த மீன், 2020 மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறியிருந்தது. பாதி கூட இல்லைதான். ஆனால் ஏறுகிறது.

உங்கள் ஏஜென்ட்டின் கொள்முதல் சீட்டும் ஏல நோட்டும் உங்கள் லாக் புக்கோடு ஒருநாள் அதே மாதிரி பக்கத்தில் வைக்கப்படும். ஏற்றுமதித் துறைமுகத்தில் நானே பார்த்திருக்கிறேன்: பேனா ரீஃபில் மாதிரி மெல்லிய குழாயைச் சூரையின் உடம்பில் செருகி, ஒரு இணுக்குச் சதையை உருவி, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார்கள். செக்கச்செவேல் என்று இருந்தால் ஒரு விலை, பழுப்பு தட்டினால் பாதி விலை. பார்த்த கையோடு மீன் நம்பர், எடை, தரம் மூன்றும் சீட்டில் ஏறிவிடும். அந்தச் சீட்டுகள் அழியாது. 4,200 கிலோ விற்ற படகு 2,000 கிலோ பிடித்ததாக எழுதினால் மீதி மீன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். நடுக்கடலில் வேறு படகிலிருந்து வாங்கினீர்களா என்றுகூடக் கேட்பார்கள்.

சித்தப்பாவின் இன்னொரு பயம் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தெரிகிறது: இடம் எழுதினால் நம் மீன் இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துபோகும். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், அது தொழில் ரகசியம். ஆணையம் வெளியிடும் ஆயிரங்கால் தூண்டில் தரவு, ஐந்து பாகைக்கு ஐந்து பாகை என்ற கட்டத்தில் கூட்டித்தான் வரும். ஒரு கட்டத்தின் ஒரு பக்கமே சுமார் 550 கிலோமீட்டர். நாகையிலிருந்து கொச்சிக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 400-தான் வரும். அதை வைத்து எவனும் உங்கள் தூண்டிலைத் தேடி வரமுடியாது. ஏஜென்ட்டின் ஆட்கள் இடத்தைக் கசியவிடுவார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குறைத்து எழுதிய பக்கங்களைக் கிழிக்காதீர்கள், ஒயிட்னர் போடாதீர்கள். ஒரே கோட்டில் அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, தேதி போட்டு அப்பா கையெழுத்திடட்டும். ஜி.பி.எஸ். பதிவு, டீசல் பில், ஐஸ் பில், விற்ற சீட்டு எல்லாம் அதோடு சேர்த்து ஒரு ஃபைல்.

இருநூறு மைலுக்கு அப்பால்

இதில்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது, தம்பி. லாக் புக் குறைவாக எழுதியது சோம்பல் என்று சமாளிக்கலாம். இடத்தை மாற்றி எழுதுவது பொய் ஆவணம்.

200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை நம் பொருளாதார மண்டலம். அதற்குள்ளும் இப்போது சும்மா போகமுடியாது: 2025 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி விசைப்படகுகள் அங்கே தொழில் செய்ய ஆக்சஸ் பாஸ் எடுக்கவேண்டும். படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எடுக்காமல் இருக்கக் காரணமே இல்லை. 200-ஐத் தாண்டினால் சர்வதேசக் கடல். "அது யாருக்கும் சொந்தமில்லாத கடல்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தமில்லை, சரி. ஆனால் சட்டம் இல்லாத இடம் இல்லை. அங்கே உங்கள் படகு இந்தியக் கொடியின் பொறுப்பு. மத்திய அரசின் அனுமதிக் கடிதம் தனியாக வேண்டும். அதோடு, 24 மீட்டருக்குக் குறைவான படகாக இருந்தாலும், சொந்த நாட்டு மண்டலத்துக்கு வெளியே சூரை பிடிக்கிறது என்றால் ஆணையத்தின் அங்கீகரித்த படகுப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். உங்கள் படகு 22 மீட்டர் என்பதால் விலக்கு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது தவறு.

ஐரோப்பாவுக்கு மீன் போகவேண்டுமானால் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். 2010-இலிருந்து இது கட்டாயம். நம் நாட்டில் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அதைச் சரிபார்த்துத் தருகிறது. ஒரு படகின் பொய் ஒரு நாட்டையே எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க நாம் தூரம் போகவேண்டாம். சர்வதேசக் கடலில் மீன்பிடிக்கும் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று சொல்லி, 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையிலிருந்து மீன் வாங்குவதையே நிறுத்தியது. 2016-இல்தான் தடை நீங்கியது. ஒழுங்காகத் தொழில் செய்தவர்களின் மீனுக்கும் சேர்த்துத்தான் கதவு சாத்தினார்கள்.

அதனால் அந்த இரண்டு தடவை மீனுக்கு உங்கள் அப்பா கையெழுத்துப் போடக்கூடாது. அந்தச் சரக்கை ஐரோப்பிய ஏற்றுமதிக்குச் சேர்க்கவேண்டாம் என்று ஏஜென்ட்டுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உள்ளூர் விலைக்கு விற்றால் நஷ்டம் வரும், தெரியும். தவணை நெருக்குகிற மாதத்தில் இதைச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆழ்கடல் திட்டத்தில் படகு வாங்கிக் கடன் கட்டமுடியாமல் என் ஆபீசுக்கு வந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் பிடிபட்டால் கையெழுத்து உங்கள் அப்பாவுடையது. ஏஜென்ட் வாயால் சொன்னதோடு சரி, காகிதத்தில் எங்கேயும் இல்லை. அனுமதி இல்லாமல் தாண்டிப் போனதை எப்படி, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

தூத்தூர்க்காரர் சொல்லும் தீவுக் கூட்டம் சாகோஸ். 2010 ஏப்ரலில் பிரிட்டன் அதைப் பாதுகாக்கப்பட்ட கடல் என்று அறிவித்து, வணிக மீன்பிடிப்பை முழுக்கத் தடை செய்தது. அந்தத் தீவுகள் மொரிசியசுக்குச் சேரவேண்டியவை என்று 2019-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னதும், 2025 மே மாதம் இரண்டு நாடும் ஒப்பந்தம் கையெழுத்திட்டதும் உண்மை. அந்த விவகாரம் எப்படி முடிந்தாலும் உங்கள் படகைக் காப்பாற்றாது. குமரி மாவட்டத்துப் படகுகள் அங்கே பிடிபட்டிருக்கின்றன. அவருக்கே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். போகிற வழியில் மாலத்தீவு மண்டலம் வேறு. 2023-இல் அங்கே பிடிபட்ட தூத்துக்குடிப் படகு ஒன்றுக்கு அபராதம் கோடிக்கணக்கில் போட்டார்கள். கடல்சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு உங்களுக்குச் சில உரிமை தருகிறது: வேறு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்துப் பிடிபட்டால், நியாயமான பிணை கட்டியதும் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விடவேண்டும், நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத்தண்டனை கூடாது. அந்தப் பிணைத்தொகை உங்கள் கையில் இருக்கிறதா என்று உங்கள் பேங்க் பாஸ்புக்கைத்தான் பார்க்கவேண்டும்.

அந்தத் தெப்பமும் மிதவையும்

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நிற்கும், ஆள் உயரத்துக்கும் மேலே கம்பமும் கருவிகளும் வைத்த மஞ்சள் மிதவை என்றால், அது வானிலைத் தரவு மிதவை. வங்கக் கடலில் அப்படிப் பலவற்றைச் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் போட்டிருக்கிறது. அதைத் தொடக்கூடாது. அதைச் சுற்றி ஒரு கடல் மைலுக்குள் மீன் பிடிக்கவும் கூடாது என்று சூரை ஆணையமே தீர்மானம் போட்டிருக்கிறது. மீன் நிற்கும்தான், ஆசையாக இருக்கும்தான். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் ஏறிய ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிப் புயலை முன்கூட்டிச் சொல்ல உதவுவது அந்த மிதவைகளும்தான். பேட்டரிக்காக அதைக் கழற்றுபவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது அது இல்லை. மேலே சூரிய ஒளித் தகடு, உருண்டையான உடம்பு, பக்கவாட்டில் பொறித்த எண். சூரைக் கப்பல் விட்ட தெப்பத்தின் மிதவைதான். அந்த எண் சும்மா போட்டது இல்லை. எந்தக் கப்பலுடையது என்று கண்டுபிடிக்க ஆணையம் கேட்டு வாங்கிய அடையாளம். தெப்பத்தைச் சுற்றித் தூண்டில் போட்டதில் எனக்குப் பெரிய குற்றம் தெரியவில்லை. மிதந்து வந்த மரத்தடியில் மீன் பிடிப்பதை எந்தக் காலத்திலும் யாரும் தப்பு என்று சொன்னதில்லை. நம் மண்டலத்துக்குள் மிதந்து வருகிற வெளிநாட்டுத் தெப்பம் நம் மீனைக் கூட்டி வைப்பது அனுமதியில்லாத மீன்பிடிப்பு இல்லையா என்று நாம்தான் திருப்பிக் கேட்கவேண்டும். இந்த வாதம் சர்வதேச அரங்கில் இன்னும் தீராமல்தான் கிடக்கிறது. ஆனால் மிதவையைக் கழற்றி எடுத்தது வேறு. அது ஒருவருடைய பொருள், அவர் பெயரைக் கண்டுபிடிக்க எண்ணும் இருக்கிறது. இந்தியக் குடிமகன் கடலுக்கு அப்பால் செய்தாலும் நம் குற்றவியல் சட்டம் பொருந்தும். ஸ்பெயினிலிருந்து யாரும் நாகைக்கு வந்து புகார் கொடுக்கப்போவதில்லை என்று சித்தப்பா சிரிப்பார். சிரிக்கட்டும். லாக் புக்கையும் அனுமதியையும் சரிசெய்யப் போகிற நேரத்தில் வீட்டில் இது எதற்கு?

மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், எந்தத் தேதியில், எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து மிதவையை ஒப்படைத்துவிடுங்கள். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் நம் மண்டலத்துக்குள் என்றால் அந்தக் காகிதம் இந்தியாவுக்கே ஒரு சாட்சி.

இதை இந்த வாரமே செய்யுங்கள். மிதவை இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், தம்பி பிள்ளைகள் அதன் விளக்கு மினுங்குவதை ராத்திரியில் வேடிக்கை பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மினுங்குகிறது என்றால் வெயிலில் தினமும் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டு மாடி எங்கே இருக்கிறது என்பதை அது தினமும் தன் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.